ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருக்கிறதா? பெருந்தமனி வீக்கத்தைப் பற்றி எப்படி யோசிப்பது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஹோமோசிஸ்டீன் (உடலில் இயல்பாக உருவாகும் ஓர் அமினோ அமிலம்) அளவு கூடுதலாக வந்திருந்தால், மாதிரியை எப்படிக் கையாண்டார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, விரைவில் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். சந்தேகம் இருந்தால், மாதிரியை அங்கேயே பிரிக்கும் ஆய்வகத்தில், வெறும் வயிற்றில் மறுபடியும் எடுங்கள். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பான அளவாகக் கருதப்படுகிறது.

மறு பரிசோதனையிலும் கூடியிருந்தால் பி12, ஃபோலேட் வைட்டமின்கள், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு), தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சைவ உணவு உண்போருக்கும், நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்போருக்கும் பி12 குறைவது சாதாரணம். பி12 அளவு தெரியாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்காதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு பாதிப்போ உள்ளுக்குள் வளரும்.

இனி தமனிக்கு வருவோம். வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் (இதயத்திலிருந்து வரும் முக்கிய ரத்தக்குழாய் வயிற்றுப் பகுதியில் பலூன்போல் உப்பி, வெடிக்கவும் கூடிய நிலை) உள்ளவர்களிடம் ஹோமோசிஸ்டீன் சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தமனிச் சுவர் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் இழைகளைச் சிதைக்கும் நொதிகளை அது தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் வயதும் புகைப்பழக்கமும் சிறுநீரகத் தளர்ச்சியும் இரண்டையுமே கூட்டக்கூடியவை என்பதால், ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று இன்னும் சொல்ல முடியாது. 2006-இல் வெளியான ஹோப்-2 என்ற பெரிய மருத்துவ ஆய்வில் பி வைட்டமின்கள் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தன. மாரடைப்போ இதயநோய் மரணமோ குறையவில்லை. எனவே பி12 குறைபாட்டைச் சரிசெய்வது அவசியம் என்றாலும், அதனால் தமனி காக்கப்பட்டுவிடும் என்று நம்பி இருந்துவிடுவது ஆபத்தானது என்றே கருதுகிறேன்.

தமனியின் நிலையைச் சொல்வது ஸ்கேன்தான். 65 வயதைக் கடந்த, எப்போதாவது புகைத்திருக்கும் ஆண்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த வீக்கம் இருந்தவர்களும், ஹோமோசிஸ்டீன் எவ்வளவு இருந்தாலும், வயிற்று அல்ட்ராசவுண்ட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்துவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி இராது. குறுக்களவு 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் வீக்கம். ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. எட்டும்போது அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். அதுவரை புகையை அறவே விடுவதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், குறித்த நாளில் மறு ஸ்கேன் எடுப்பதும் முக்கியம். வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வீக்கம் இருப்பது தெரிந்தவர்கள், சிறுநீர்த் தொற்றுக்காகச் செல்லும்போதுகூட அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை இவர்களுக்கு இயன்றவரை தவிர்க்குமாறு 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.