உங்கள் வகுப்பை நீங்களே திரும்பிப் பார்ப்பது எப்படி?

பாடக்குறிப்பு வகுப்புக்கு முன்பே எழுதப்படுவது. வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதிவைக்க ஓர் 80 பக்க நோட்டு தனியாக வேண்டும். பாடக்குறிப்பு ஏட்டின் ஓரத்திலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடும் ஏட்டில் "இன்று பாடம் எடுபடவில்லை" என்று எழுத யாருக்கும் கை வராது. இந்த நோட்டு உங்கள் கண்ணுக்கு மட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பாடவேளையைப் பற்றி மூன்று வரி போதும். அன்றே எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் பிள்ளைகள் சொன்னது மறந்து, நமக்குத் தோன்றியது மட்டுமே மிஞ்சும். "பாடம் நன்றாகப் போனது", "பையன்கள் கவனிக்கவில்லை" போன்ற வரிகளை வைத்து அடுத்த வகுப்பில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பிள்ளை சொன்ன தவறான விடையை அப்படியே எழுதுங்கள். அது ஏன் வந்திருக்கும் என்று உங்கள் ஊகம் ஒரு வரி. நாளை எதை மாற்றிக் கேட்பீர்கள் என்று ஒரு வரி.

ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டலையே எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 கணக்கைக் கொடுத்து நோட்டுகளை வாங்கி, மதிப்பெண் போடாமல் மேசையில் அடுக்குங்கள். 5/6 என்று சரியாகப் போட்டவை ஓர் அடுக்கு. 2/5 என்று போட்டவை இன்னொன்று: மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியவர்கள். மூன்றாவதாக 2/6 என்று சில நோட்டுகள் வரும். இவர்கள் பொதுப் பகுதி 6 என்று கண்டுபிடித்துவிட்டு, தொகுதியை மாற்றாமல் 1/6 + 1/6 என்று கூட்டியிருப்பார்கள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் இரண்டும் ஒரே தவறாகத்தான் தெரியும். ஆனால் 2/5 போட்ட பிள்ளைக்குப் பின்னம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். 2/6 போட்ட பிள்ளைக்கு ஒரு படிதான் தவறியிருக்கிறது. நாற்பது நோட்டுகளை இப்படிப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆகும். எத்தனை பேர் எந்த அடுக்கில் என்று குறித்துக்கொண்டால் மறுநாள் பாடம் தானாகவே அமைந்துவிடும். "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையைவிடக் குறையுமா?" என்ற ஒரு கேள்வி போதும், இரண்டு அடுக்குப் பிள்ளைகளும் தங்கள் விடையைத் திரும்பிப் பார்ப்பார்கள். 2/5, 2/6 இரண்டுமே அரையைவிடச் சிறியவை அல்லவா?

அடுத்தது குரல் பதிவு. மாதம் ஒருமுறை, தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கைபேசியை மேசையில் வைத்து ஒரு பாடவேளையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். நடுவில் உள்ள 10 நிமிடத்தைக் கேட்டால் போதும். முதல் தடவை நம் குரலே நமக்குப் பிடிக்காது. அதைத் தாண்டி மூன்றை மட்டும் எண்ணுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள்? எத்தனை பிள்ளைகளின் பெயர் உங்கள் வாயில் வந்தது? கேள்விக்கும் நீங்கள் அடுத்து வாய் திறந்ததற்கும் இடையே எத்தனை விநாடி? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்புப் பதிவுகளைக் கேட்டு இந்த இடைவெளியை அளந்தார். பெரும்பாலும் ஒரு விநாடிதான் இருந்தது. அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாக வந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள் என்று 1970களில் எழுதினார். 3 விநாடி மௌனம் வகுப்பில் நிற்கும்போது மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது சார்" என்று கோரஸாக வந்ததைக் கேள்விக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பதிவை யாருக்கும் அனுப்பாமல் அன்றே அழித்துவிடுங்கள். அதில் இருப்பது பிள்ளைகளின் குரல்.

கண்டுபிடித்ததில் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் மாற்றிப் பாருங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் தொட்டால் எதனால் என்ன மாறியது என்று தெரியாது.

இனி சக ஆசிரியர்கள். இங்கேதான் நல்ல எண்ணம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். பயிற்சிக்குப் போய்வந்த உற்சாகத்தில், ஆசிரியர் அறையில் "இப்படிச் செய்து பாருங்கள்" என்று தொடங்கினால், இருபது வருடம் பாடம் எடுத்தவருக்கு அது குறை சொல்வதாகத்தான் காதில் விழும். அடுத்தவர் வகுப்புக்குள் போகாதீர்கள். அவரை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். "டீச்சர், என் வகுப்பில் கடைசி இரண்டு வரிசையும் வாயே திறப்பதில்லை. ஒரு 20 நிமிடம் வந்து, யார் யார் பேசுகிறார்கள் என்று மட்டும் குறித்துத் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் உட்காரும் வரிசையை ஒரு தாளில் கட்டங்களாக வரைந்து கொடுத்தால், யார் பேசினாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. கருத்து எழுத இடமே வைக்க வேண்டாம். இந்தத் தாளைப் பார்த்தால் முன்வரிசையிலும் நடைபாதை ஓரத்திலும் கோடுகள் குவிந்திருப்பது அநேகமாகத் தெரியும்.

அன்று மதியத்துக்குள் 10 நிமிடம் பேசிவிடுங்கள். பாடம் எடுத்தவர் முதலில் பேச வேண்டும்; வந்தவர் தாளில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளையே கவனிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விவாதம் பாடத்தைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல என்பதே அதைத் தாங்கி நிற்கிறது.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலோ உங்கள் பள்ளிக் கூட்டத்திலோ பேச வாய்ப்பு வந்தால், அடுக்குக்கு ஒன்றாக மூன்று நோட்டுகளைப் பெயரை மறைத்துக்கொண்டு போங்கள். "இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, இங்கேயும் 3 விநாடி காத்திருங்கள்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடம் எடுப்பவர், பார்க்க வருபவர் இருவரின் ஓய்வுப் பாடவேளைகள் ஒத்துப்போகாமல் இருப்பதாலேயே பல முயற்சிகள் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுகின்றன. கால அட்டவணையில் பதினைந்து நாளுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கிக் கொடுங்கள், அன்று வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இவர்களை அனுப்பாதீர்கள். படிவமும் அறிக்கையும் கேட்க வேண்டாம். கேட்ட நாளிலிருந்து அந்தத் தாளில் நடந்தது இருக்காது. நீங்கள் பார்க்க விரும்புவதுதான் இருக்கும்.