மங்கோலியாவைக் காதில் தொடங்குங்கள்

மங்கோலியாவைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் முதலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கூமி' என்ற தொண்டைப் பாட்டைக் கேளுங்கள். அடியில் தம்புராபோல ஒரே சுருதி நிற்கும். அதற்கு மேலே புல்லாங்குழல்போல இன்னொரு நாதம் மிதக்கும். இரண்டுமே ஒரே ஆளின் குரல்! போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் அமுங்கிவிடும், அதனால்தான் ஹெட்போன். அப்புறம், குதிரைத் தலை செதுக்கிய 'மோரின் கூர்' வாத்தியத்தையும் தேடிக் கேளுங்கள். இரண்டே தந்திகள்தான், ஆனால் குதிரை கனைப்பதைக்கூட வாசித்துக் காட்டுவார்கள்.

கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள மேட்டு நிலம் என்பதால் தலைநகர் உலான்பாத்தரில் ஜனவரி இரவுகள் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. நேரில் போவதென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சரியான காலம். ஜூலை 11-இல் மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை எனக் களைகட்டும் நாதாம் விழா தொடங்கும். கோடையிலும் இரவில் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

கோபி பாலைவனத்தில் எனக்குப் பிடித்தது யோலின் அம் பள்ளத்தாக்கு. வெயில் எட்டாத அந்த இடுக்கில் கோடை பிறந்த பிறகும் பனிக்கட்டி உறைந்தே கிடக்கும். அதே வட்டாரத்தில் உள்ள கோங்கோரின் எல்ஸ் மணற்குன்றுகள், மணல் சரியும்போது உறுமும்.