மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை: வீட்டில் கவனிப்பவர்களுக்கு

அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் முழங்கால் மூட்டு மாற்றி, பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கூட்டி வந்ததும் மாத்திரைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கட்டு, தையல் பற்றியெல்லாம் நர்ஸே சொல்லிவிடுவார். இங்கே டிரமடால், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மருந்து) மாத்திரைகளைப் பற்றி மட்டும். அளவு டாக்டர் சொல்வதுதான். அது வீட்டில் குளறுபடி ஆகாமல் பார்ப்பது நம் வேலை.

1. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கடையில் அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டு பல நேரம் அங்கேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. சீட்டு கேட்கிறார் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

2. பாரசிட்டமாலைக் கூட்டுங்கள்

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். டிரமடால் பெரும்பாலும் தனியாக வராது. 37.5 மி.கி. டிரமடாலோடு 325 மி.கி. பாரசிட்டமால் சேர்ந்த மாத்திரைதான் அதிகம் எழுதப்படுகிறது. அது மூன்று வேளை என்றால் பாரசிட்டமால் மட்டும் 975. டோலோ 650-ம் மூன்று வேளை எழுதியிருந்தால் இன்னொரு 1,950. ஆக 2,925 மி.கி.

இந்த நேரத்தில்தான் ஹார்லிக்ஸோடு பார்க்க வந்த அத்தை, "ஏங்கண்ணு, அம்மாளுக்குச் சளி புடிச்சிருக்குதாட்டத் தெரியுது, இதுல ஒண்ணு குடு" என்று பையிலிருந்து சளி மாத்திரையை எடுத்தார். திருப்பிப் பார்த்தால் பாரசிட்டமால் 500, கூடவே குளோர்ஃபெனிரமின். இரண்டு வேளை கொடுத்தால் மொத்தம் 3,925. ஒரு நாளின் உச்ச வரம்பே 4,000 மி.கி.; வயதானவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. போதாததற்குக் குளோர்ஃபெனிரமின் தூக்கத்தையும் கூட்டும். "வேண்டாமுங்க அத்தை, டாக்டருகிட்டக் கேட்டுட்டுக் குடுத்துக்கறேன்" என்று வாங்கி வைத்துவிட்டேன்.

கணக்கு எழுத ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். மணி, மாத்திரை, கொடுத்தவர் பெயர். செல்போன் செயலி எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி கொடுப்பது தம்பி, காலையில் கொடுப்பது நான், செயலியோ ஒருவர் போனில். வாரப் பெட்டியும் வேண்டாம். வலித்தால் மட்டும் கொடுக்கிற மாத்திரைக்கு அது ஒத்துவராது.

3. கொடுக்கும் முன் பேச்சுக் கொடுங்கள்

ஓபியாய்டில் மூச்சு மந்தமாவதற்கு முன்னால் பெரும்பாலும் மயக்கமான தூக்கம் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வேளையும் முதலில் எழுப்பி, "மத்தியானம் என்னங்மா சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அரிசிம்பருப்பு என்று தெளிவாகச் சொன்னால் சரி. பாதிப் பேச்சில் கண் சொருகினால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108.

தூக்க மாத்திரை (அல்பிரசோலம், குளோனசிபாம்), நரம்பு வலிக்கான பிரகாபலின், சாராயம் மூன்றும் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. ராத்திரி ஒரு கட்டிங் போட்டுப் பழகிய அப்பாருக்கு ஆபரேஷன் என்றால் மரியாதை பார்க்காமல் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டு, மன அழுத்தத்துக்குச் செர்ட்ராலின் போன்றவை சாப்பிடுகிறார் என்றாலும் அப்படியே. டிரமடால் அவர்களுக்குச் சிக்கல்.

4. இரண்டாம் நாள் வலி

ஆபரேஷனின்போது நரம்பு மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் விட்டதும் வலி திடீரென்று ஏறும். ஏதோ கெட்டுவிட்டது என்று இரட்டை மாத்திரை கொடுக்காதீர்கள். ஐஸ் ஒத்தடம், துணி சுற்றி, 15-20 நிமிடம். பிசியோதெரபிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் ஒரு வேளை மாத்திரை வருமாறு நேரத்தை வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க வைக்கத்தானே மாத்திரை. போட்டதும் தலை சுற்றலாம், பொடக்காளிப் பக்கம் (கொல்லைப்புறம்) தனியே விடாதீர்கள்.

5. மலச்சிக்கல்

வரும். வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல் முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். இசப்கோல் மட்டும் போதாது. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

6. மிச்சம்

வலி குறையக் குறைய முதலில் நிறுத்த வேண்டியது ஓபியாய்டு, பாரசிட்டமால் கடைசியில். பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் டாக்டர் சொல்படி படிப்படியாக. மீந்ததைப் பக்கத்து வீட்டு இடுப்பு வலிக்குத் தானம் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: பெருந்துறையிலிருந்து ஒருவர், மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பேட்ச் கொடுத்திருக்கிறார்கள், அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் இறங்கும். புப்ரனார்ஃபின் பேட்ச் ஏழு நாளுக்கு ஒன்று, ஃபென்டனில் மூன்று நாளுக்கு ஒன்று. புதியது ஒட்டுமுன் பழையதை உரித்தாயிற்றா என்று முதுகைத் திருப்பிப் பாருங்கள். உரித்ததிலும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டுப்பக்கம் உள்ளே வருமாறு மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.