வர மறுக்கும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பத்திரமாகக் கழற்றுவது எப்படி?

மானிட்டரை இடம் மாற்றுகிறீர்கள். பவர் கேபிள் சட்டென்று வந்துவிட்டது, யு.எஸ்.பி. வயரும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பலமாக இழுத்தால் மானிட்டரே கூடச் சேர்ந்து வருகிறது. அது கணினியிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் என்றால் தயவுசெய்து இழுப்பதை நிறுத்திவிடுங்கள். அது எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை. உள்ளே இரண்டு கொக்கிகள் போர்ட்டை, அதாவது கேபிளைச் செருகும் துளையை, பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை விடுவித்தால் கேபிள் தானாக வந்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு போர்ட்டைப் பறிகொடுத்த பிறகு. அவசரத்தில் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கேபிள் வந்தது. போர்ட்டைச் சுற்றியிருந்த தகரக் கூட்டின் விளிம்பும் வெளியே மடங்கி வந்தது. அன்றிலிருந்து அந்த மானிட்டரில் கேபிள் லேசாக அசைந்தாலே படம் போய்ப் போய் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மானிட்டர் அது. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் சின்ன விஷயத்தையும் விடாமல் எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கேபிள் என்று உறுதிசெய்யுங்கள்

பழைய வி.ஜி.ஏ., டி.வி.ஐ. கேபிள்களில் இரண்டு பக்கமும் திருகு இருக்கும். திருகைக் கழற்றாமல் வராது என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். எச்.டி.எம்.ஐ. பிளக் வழக்கமாக இறுக்கத்திலேயே நிற்பது. நேராக இழுத்தால் வந்துவிடும். இப்படி எச்.டி.எம்.ஐ.யில் பழகிய கை டிஸ்ப்ளேபோர்ட்டையும் அதே மாதிரி இழுக்கிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிஸ்ப்ளேபோர்ட் என்பது திரைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் வெசா அமைப்பு 2006-ல் வெளியிட்ட இணைப்பு முறை. பிளக்கின் முகம் நீள்சதுரமாக இருக்கும். நான்கு மூலைகளில் ஒன்றே ஒன்று மட்டும் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். எச்.டி.எம்.ஐ.யில் ஒரு பக்கத்தின் இரண்டு மூலைகளுமே உள்வாங்கியிருக்கும். கேபிள் ஏற்கெனவே மாட்டியிருந்தால் முகத்தைப் பார்க்க முடியாது. அப்போது பிளக்கின் பிளாஸ்டிக் தலையைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அமுங்கக்கூடிய பட்டன் தட்டுப்பட்டால் அது டிஸ்ப்ளேபோர்ட்தான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

எல்லா டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலும் இந்தக் கொக்கிப் பூட்டு இருக்காது. வெசா விதிப்படி பூட்டு கட்டாயமில்லை. வைப்பதும் விடுவதும் கேபிள் செய்பவர் விருப்பம். 2008-ல் ஆப்பிள் கொண்டுவந்த சின்ன அளவு மினி டிஸ்ப்ளேபோர்ட்டில் பொதுவாகப் பூட்டே கிடையாது. அதனால் கேபிளின் ஒரு முனை சுலபமாக வந்து, மறுமுனை அடம்பிடிப்பதும் நடக்கும்.

படி 2: பூட்டைக் கையில் வைத்துப் பாருங்கள்

மாட்டாத கேபிள் ஒன்று கையில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் எழுதுவதிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான்.

பிளக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உலோக முனையின் ஒரு தளத்தில் இரண்டு குட்டிக் கொக்கிகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். விரல்நுனியால் தடவினால் முள் மாதிரி நெருடும். கிட்டே வைத்துக் கவனித்தால் அவற்றின் முன்பக்கம் சாய்வாகவும் பின்பக்கம் செங்குத்தாகவும் இருப்பது தெரியும். உள்ளே போகும்போது சாய்வு வழுக்கிக் கொடுக்கிறது, கொக்கி தானாக அமுங்கிப் போய்விடுகிறது. போர்ட்டின் தகரக் கூட்டில் இதற்கென்றே இரண்டு ஓட்டைகள் உண்டு. கொக்கிகள் அவற்றுக்கு நேரே வந்ததும் ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிவிடும். திரும்பி வரும்போது செங்குத்தான பின்பக்கம் ஓட்டையின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். நீங்கள் இழுக்க இழுக்க அந்த முட்டல்தான் கூடும்.

இப்போது பட்டனை அழுத்துங்கள். கொக்கிகள் இரண்டும் உலோகத்துக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். பட்டனைப் பாதி மட்டும் அழுத்திப் பாருங்கள்: கொக்கிகளும் பாதிதான் இறங்கும், நுனி இன்னும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ‘பட்டனை அழுத்தினேன், வரவில்லையே’ என்று சொல்பவர்கள் பலருக்கும் நேர்வது இதுதான். பட்டன் அடிவரை இறங்க வேண்டும்.

பத்துத் தடவை அழுத்தி விடுங்கள். எவ்வளவு அழுத்தம் தேவை என்பது விரலுக்குப் பிடிபட்டுவிடும். ஏதாவது ஒரு கொக்கி முழுதாக இறங்காமல் நின்றாலோ, இறங்கியது எழும்பத் தயங்கினாலோ அந்தக் கேபிளை மாட்டவே வேண்டாம். உள்ளே போய்விட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

படி 3: மாட்டும்போதே கழற்றுவதை யோசியுங்கள்

வெட்டுப்பட்ட மூலையைப் போர்ட்டின் வெட்டுப்பட்ட மூலையோடு பொருத்தி, சாய்க்காமல் நேராகத் தள்ளுங்கள். ‘கிளிக்’ என்று ஒரு சின்ன ஓசை வரும், அல்லது விரலில் உணர்வீர்கள். லேசாக இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பூட்டு விழுந்துவிட்டது.

கணினியில் படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் அதன் போர்ட்டில்தான் மாட்ட வேண்டும். மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகையின்) போர்ட்டில் மாட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று தேடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.

மாட்டியதும் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துவையுங்கள். மானிட்டருக்குப் பின்னால் இருட்டில் கையை விட்டுத் துழாவும் நாள் கட்டாயம் வரும். அன்று இந்தப் படம் உதவும். கேபிளின் எடை முழுவதும் பிளக்கில் தொங்காமல், மானிட்டர் ஸ்டாண்டில் ஒரு இடத்தில் தளர்வாகக் கட்டிவிடுவதும் நல்லது.

படி 4: கழற்றும் முறை

மானிட்டரையும் கணினியையும் அணைத்துவிடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டலாம், அதற்கு ஏற்பத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பிளக் அடம்பிடிக்கும்போது பல விதமாகக் கையை வைப்போம். அணைத்திருந்தால் நிம்மதி.

ஒரு கையால் மானிட்டரை, போர்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையின் கட்டைவிரல் பட்டன் மேலும், ஆள்காட்டி விரல் பிளக்கின் எதிர்ப்பக்கத்திலும் இருக்கட்டும். வயரைப் பிடிக்கக் கூடாது; பிடி எப்போதும் பிளாஸ்டிக் தலையில்தான்.

அடுத்துச் செய்ய வேண்டியது பலருக்கும் தோன்றாத ஒன்று. வெளியே இழுக்காமல், முதலில் பிளக்கை உள்ளே தள்ளுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும்.

கேபிளின் எடையோ நீங்கள் முன்பு இழுத்த இழுப்போ கொக்கிகளை ஓட்டையின் விளிம்போடு அழுத்தி வைத்திருக்கும். அந்த இறுக்கத்தில் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் கொக்கி கீழே இறங்காது. தாழ்ப்பாள் இறுகிக்கொண்ட கதவை லேசாக உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்குவோமே, அதே சமாச்சாரம். பிளக்கை உள்ளே தள்ளியதும் கொக்கிகள் விளிம்பை விட்டு விலகி நிற்கும்.

உள்ளே தள்ளிய நிலையிலேயே பட்டனை அடிவரை அழுத்துங்கள். அழுத்தியதை விடாமல் நேராக வெளியே இழுங்கள். தள்ளு, அழுத்து, இழு: இந்த வரிசை மாறக் கூடாது. சரியாகச் செய்தால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி வந்துவிடும், பலமே தேவைப்படாது.

வரவில்லை என்றால் மேலும் கீழும் ஆட்டாதீர்கள். போர்ட் என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் சாலிடரால்தான், அதாவது உருக்கி ஒட்டிய உலோகத்தால்தான், நிற்கிறது. 20 பின்களும் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஆட்டும்போது சாலிடர் விட்டுப்போகும். கிராபிக்ஸ் கார்டு என்றால் இழப்பு இன்னும் பெரிது. விட்டுவிட்டு மறுபடியும் உள்ளே தள்ளுவதிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: பட்டனுக்கு விரல் எட்டவில்லையா?

பல மானிட்டர்களில் போர்ட்டுகள் கீழ்நோக்கி இருக்கும். பட்டன் மானிட்டரின் முதுகை ஒட்டித் திரும்பியிருக்கும். கிராபிக்ஸ் கார்டில் நான்கு போர்ட்டுகள் நெருக்கி இருந்தால் பக்கத்துப் பிளக் பட்டனை மறைத்துவிடும்.

மானிட்டர் என்றால் மேசையில் மெத்தென்ற துணியை இரட்டையாக விரித்து, திரை கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். திரையின் நடுவில் கை ஊன்ற வேண்டாம். இப்போது போர்ட்டுகள் கண்ணுக்கு நேரே வந்துவிடும். திரையைச் செங்குத்தாகத் திருப்பும் வசதியுள்ள ஸ்டாண்ட் என்றால் படுக்க வைக்கவும் வேண்டாம். திருப்பினாலே போர்ட்டுகள் பக்கவாட்டுக்கு வரும். கணினிப் பெட்டியில் பக்கத்து எச்.டி.எம்.ஐ. கேபிளையோ வேறு எதையோ முதலில் எடுத்துவிட்டு இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படியும் எட்டவில்லை என்றால் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றின் முனையைப் பட்டன் மேல் வைத்து அழுத்தலாம். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். வழுக்கினால் போர்ட்டுக்குள்ளோ போர்டின் மேலோ பாயும். இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் ஒருவர் ஸ்கேலால் அழுத்த, மற்றவர் பிளக்கை உள்ளே தள்ளி இழுக்கட்டும்.

படி 6: பட்டன் அமுங்குகிறது, கேபிள் வரவில்லை

பட்டன் தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் போய்வந்தால், உள்ளே பட்டனுக்கும் கொக்கிக்கும் இருந்த தொடர்பு போய்விட்டது என்று அர்த்தம். இப்போது கொக்கிகளை நேரடியாக அமுக்க வேண்டியதுதான். மானிட்டர், கணினி இரண்டின் பவர் கேபிள்களையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மெல்லிய, விறைப்பான பிளாஸ்டிக் தகட்டிலிருந்து இரண்டு குறுகிய பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பட்டன் இருக்கும் பக்கத்தில், பிளக்கின் உலோகத்துக்கும் போர்ட்டின் கூட்டுக்கும் நடுவே, ஓரத்துக்கு ஒன்றாக அவற்றை நுழையுங்கள். பிளக்கை உள்ளே தள்ளிப் பிடித்தபடி பட்டைகளை மெதுவாக முன்னேற்றினால் அவை கொக்கிகளின் மேல் ஏறி அவற்றை அமுக்கும். பட்டைகளோடு சேர்த்துப் பிளக்கை வெளியே எடுங்கள்.

பொறுமை வேண்டிய வேலை இது. இரண்டு மூன்று முறை முயன்றும் முடியவில்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கேபிளைப் பலிகொடுக்கத் தயங்க வேண்டாம். புதுக் கேபிள் வாங்கிக்கொள்ளலாம், போர்ட் அப்படியல்ல.

வெளியே வந்த அந்தக் கேபிளை மறுபடி எதிலும் மாட்டாதீர்கள். அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு என் யோசனை, பூட்டில்லாத கேபிளே வாங்குங்கள் என்பது. மேசையில் நகராமல் கிடக்கும் மானிட்டருக்குப் பூட்டு பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

திரும்ப மாட்டிய பிறகு

படம் வரவில்லை என்றால் மானிட்டரின் மெனுவில் இன்புட் டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் ‘நோ சிக்னல்’ என்றால் இரண்டின் பவரையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். கணினியை அணைத்த பிறகும் ஏதாவது விளக்கு மங்கலாக எரிந்தாலோ, கேபிள் மாட்டியிருக்கும்போது மட்டும் கணினி ஆன் ஆகத் தகராறு செய்தாலோ கேபிள் மேல் சந்தேகப்படுங்கள். 20-ஆவது பின்னில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும். சாதாரண டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் அந்தப் பின்னை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைக்கக் கூடாது என்பது விதி. தரமில்லாத சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரிலிருந்து மின்சாரம் கணினிக்குள் போய்விடுகிறது. கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

படம் வந்துவிட்டதா? விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை, பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் கழற்றி மாட்டிய பிறகு 60-க்கு இறங்கி நிற்பதுண்டு. அங்கேயே 144-ஐத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.