கார் ஏசியில் வித்தியாசமான சத்தமா? முதலில் இதைச் செய்து பாருங்கள்

ஏசியில் சத்தம் வந்ததும் கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்தும் பகுதி) போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே ஏசி பட்டனை மட்டும் அணைத்துப் பாருங்கள், ஃபேன் ஓடட்டும். சத்தம் அப்படியே இருந்து, ஃபேன் வேகத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடினால் கோளாறு ப்ளோயரில்தான், அதாவது காற்றைத் தள்ளும் அந்த ஃபேனில்தான். பெரும்பாலும் உள்ளே போன காய்ந்த இலையோ காகிதமோ இறக்கையில் உரசும், சுத்தம் செய்தாலே போதும். ஏசி போட்டவுடன் கீச்சென்று கத்தினால் கம்ப்ரசரைச் சுழற்றும் பெல்ட்டைப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

கரகரவென்று அரைக்கும் சத்தம்தான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. ஏசி போட்டால் வந்து, அணைத்தால் நின்றுவிட்டால் கம்ப்ரசருக்குள் தேய்மானம் இருக்கலாம். அணைத்த பிறகும் தொடர்ந்தால் கம்ப்ரசர் புல்லியின் (பெல்ட் மாட்டியிருக்கும் சக்கரம்) பேரிங்காக இருக்கலாம், ஏனென்றால் ஏசி போடாதபோதும் அந்தப் புல்லி பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், கம்ப்ரசர் உடைந்து உலோகத்தூள் பைப்புகளில் பரவிவிட்டால் செலவு பல மடங்கு ஆகிவிடும்.

அப்புறம், ஏசியை அணைத்ததும் சிறிது நேரம் உஸ்ஸென்று வருவது கேஸ் அழுத்தம் சமமாவதுதான், அது சாதாரணம். டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று கேட்டால் காற்றைத் திருப்பிவிடும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம். எதைச் சோதித்தாலும் சரி, இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோகவே வேண்டாம்.