கார் ரேடியோ டிஸ்ப்ளே இருட்டா இருக்கா? யூனிட்ட மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

ரங்கூன்ல ஓடுற காருங்கள்ல முக்காவாசி ஜப்பான்ல ஓட்டி முடிச்சு வந்த வண்டிங்கதான், ப்ரோபாக்ஸ், ஃபிட், மார்க் டூ, ஏடி வேன்னு, அதுல கூடவே வந்த ரேடியோவும் அதே வயசு. ஸ்க்ரீன் மங்கிப் போச்சுன்னா உடனே கடைக்காரர் ஆண்ட்ராய்டு செட் ஒண்ண காட்டி இத மாட்டிருங்கண்ணேன்னுவாரு. மாட்டலாம், ஆனா சத்தம் நல்லா வந்துக்கிட்டு டிஸ்ப்ளே மட்டும் செத்திருக்குன்னா அந்த யூனிட்டுல பாதிக்கு மேல நல்லாதான் இருக்கு, போனது ஒரு சின்ன பல்போ ஒரு கான்டாக்டோவா இருக்கும்.

முதல்ல ரிப்பேரே இல்லாத விஷயங்கள தள்ளிருவோம், ஏன்னா இதுக்கே நிறைய பேரு வண்டிய கொண்டு போய் நிறுத்துறாங்க. கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி காட்டுதுன்னா அது ஜப்பான் டைம், ஜிபிஎஸ்ல இருந்து எடுத்து தானா போட்டுக்கும், அங்க நம்மளவிட 2.30 மணி முன்னாடி. அப்புறம் எஃப்எம் நம்பர். ஜப்பான் பேண்ட் 76ல ஆரம்பிச்சு 90ல முடிஞ்சிரும் (புதுசுல 95 வரைக்கும் போகும்), நம்ம ஊர்ல 108 வரைக்கும், அதனால ஆன்டெனா வயர்ல பேண்ட் எக்ஸ்பாண்டர்னு ஒரு குட்டி டப்பா போட்டிருப்பாங்க, அது எல்லா ஸ்டேஷனையும் ஒரே அளவா கீழ தள்ளும், 14 மெகாஹெர்ட்ஸ் தள்ளுற டப்பான்னா 98ல வர்ற ஸ்டேஷன் உங்க ஸ்க்ரீன்ல 84ன்னு நிக்கும். டிஸ்ப்ளே பொய் சொல்லல, எக்ஸ்பாண்டர் அப்படி. ஸ்க்ரீன்ல ஜப்பான் எழுத்துல ஏதோ வந்து அப்படியே நிக்குதுன்னாலும் பயப்படாதீங்க, போன் கேமராவ காட்டி மொழிபெயர்த்துப் பாருங்க, பல தடவ மேப் எஸ்டி கார்ட போடச் சொல்லிதான் கெஞ்சிக்கிட்டிருக்கும்.

இன்னொண்ணு, பகல்லயும் லைட் ஸ்விட்ச் ஆன்ல இருந்தா ஸ்க்ரீன் ராத்திரி மோடுக்குப் போய் மங்கிரும். லைட்ட ஆஃப் பண்ணிப் பாருங்க, மீட்டர் பக்கத்துல டிம்மர் இருந்தா முழுசா திருப்பிப் பாருங்க, மெனுவுல ஸ்க்ரீன் ஆஃப்னு ஒரு பட்டன் இருக்கும் அதையும் பாருங்க. ஃப்யூஸ் போயிருந்தா சத்தமும் சேந்து போயிருக்கும், அதப் பாக்க ரெண்டு நிமிஷம்.

இப்ப நிஜமான சோதனை. வண்டிய நிழல்ல நிறுத்தி சாவிய ஏசிசில (இஞ்சின் ஓடாம ரேடியோவுக்கு கரண்ட் வர்ற நிலை) வச்சு ரேடியோவ ஆன் பண்ணுங்க, போன் டார்ச்ச ஸ்க்ரீனுக்குப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. உள்ள லேசா எழுத்தோ படமோ தெரியுதா, அப்ப படம் காட்டுற எல்சிடி நல்லாருக்கு, அதுக்குப் பின்னாடி எரியுற பேக்லைட் மட்டும் அவுட். ஒண்ணுமே தெரியலைன்னா ஸ்க்ரீனுக்கு கரண்டோ சிக்னலோ போகல. வெளிச்சம் இருக்கு ஆனா எழுத்துல கோடு கோடா காணோம், ஓரத்த விரலால அமுக்குனா திரும்பி வருதுன்னா கான்டாக்ட் லூசு, இதுதான் கையில சரி பண்ண ரொம்ப தோதான கேசு. கறுப்பு மை கசிஞ்ச மாதிரி படர்ந்திருந்தா கண்ணாடி வெடிச்சிருச்சு, அந்தப் பேனல தூக்கிப் போட வேண்டியதுதான், வேற வழி இல்ல.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுலதான் ஆளுங்க மாட்டிக்கிறாங்க. ஜப்பான் நேவிகேஷன் யூனிட்டு சிலது பேட்டரி வயர கழட்டி மாட்டுனதும் பாஸ்வேர்ட் கேக்கும், அந்தப் பாஸ்வேர்ட் ஜப்பான்ல இருக்கற பழைய ஓனருக்குத்தான் தெரியும். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க, போட்டிருந்தா அதுக்கு ஒரு வழி தெரியாம பேட்டரில கை வைக்காதீங்க, யூனிட்ட பிளக்கிலிருந்து உருவுனாலும் அதே கதைதான். எஸ்டி கார்ட எடுத்தா பத்திரமா ஒரு கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க. இந்தக் கவலை இல்லைன்னா சாவிய எடுத்து பேட்டரி மைனஸ கழட்டிட்டு ரெண்டு நிமிஷமாச்சும் விடுங்க, டொயோட்டாக்காரனே ஏர்பேக் வண்டிக்கு 90 செகண்ட் சொல்றான்.

டேஷ்போர்டு பேனல் கிளிப்புல நிக்கும், பிளாஸ்டிக் நெம்புகோல் இருந்தா நல்லது, இல்லைன்னா ஸ்க்ரூடிரைவர் முனையில துணி சுத்திக்குங்க. டிசம்பர் ஜனவரி காலையில பிளாஸ்டிக் கெட்டியா இருக்கும், கொஞ்ச நேரம் வெயில்ல நிறுத்திட்டு கழட்டுனா கிளிப் உடையாது. டொயோட்டாவுல பேனலுக்குப் பின்னாடி பெரும்பாலும் 10 நம்பர் போல்ட்டு நாலு, அவ்வளவுதான், யூனிட் முன்னாடி வந்துரும். ஒவ்வொரு பிளக்கையும் உருவுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க. ஸ்க்ரூ விஷயத்துல கவனம், ஜப்பான் ஸ்க்ரூ பாக்க சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும் ஆனா பள்ளம் கொஞ்சம் வேற, ஜேஐஎஸ்னு ஒரு டிரைவர் இருக்கு அதுதான் ஒழுங்கா உக்காரும், கண்ட டிரைவரப் போட்டு திருகுனா தலை வழுக்கிரும், அப்புறம் ட்ரில்தான்.

பேக்லைட் கேசுல மூணு ரகம். ரொம்ப பழைய சிடி செட்டுல அரிசி அளவுக்கு ஒரு குட்டி பல்பு, மேல பச்சையோ நீலமோ ஒரு ரப்பர் தொப்பி போட்டிருக்கும், நிறம் அந்தத் தொப்பியாலதான், புது பல்புக்கு மறக்காம அத மாட்டுங்க. அதே பல்பு கிடைக்கலைன்னா வெள்ளை எல்இடி போடலாம், ஆனா நேரா 12 வோல்ட்டுல போட்டா ஒரு செகண்ட்ல புகைஞ்சிரும், முதல்ல பல்பு காலுல மல்டிமீட்டர் வச்சு எத்தன வோல்ட் வருதுன்னு பாருங்க, 12 வந்தா ஒவ்வொரு எல்இடிக்கும் 680 ஓம்ல இருந்து 1 கிலோஓமுக்குள்ள ஒரு ரெசிஸ்டர் சீரிஸ்ல போடுங்க, இஞ்சின் ஓடும்போது வோல்ட் 14க்கு மேல ஏறும்ங்கறதையும் கணக்குல வச்சுதான் இந்த அளவு. எல்இடிக்கு ப்ளஸ் மைனஸ் உண்டு, திருப்பிப் போட்டா எரியாது.

ரெண்டாவது, 2000த்த ஒட்டி வந்த நேவிகேஷன் ஸ்க்ரீன்ல சிசிஎஃப்எல், ஊசி கனத்துல ஒரு கண்ணாடி ட்யூப், அதுக்கு வோல்ட்ட ஏத்திக் குடுக்க ஒரு இன்வெர்டர் போர்டு. ஆன் பண்ணதும் சிவப்பு கலந்து மங்கலா எரிஞ்சு ரெண்டு செகண்ட்ல அணைஞ்சா ட்யூப் வயசாயிருச்சு. ஓடும்போது இன்வெர்டர தொடவே கூடாது, நூத்துக்கணக்கான வோல்ட் அதுல இருக்கும். ட்யூப் ரொம்ப மெல்லிசு, வளைஞ்சா படார்னு உடையும், உள்ள கொஞ்சம் பாதரசம் இருக்கு, அதனால புது ட்யூப் தேடுறதவிட அதே நீளத்துக்கு எல்இடி ஸ்ட்ரிப்பும் அதுக்கு கரண்ட் குடுக்கற டிரைவர் போர்டும் சேந்த கிட் போடுறதே மேல்னு நான் சொல்வேன். மூணாவது புது யூனிட்டு, எல்லாமே எல்இடிதான், அதுல லைட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது, டிரைவர் போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கான்னு பாருங்க. மாத்துறப்ப அதே மைக்ரோஃபராட், வோல்ட் அதே அளவு இல்ல கொஞ்சம் கூட, 105 டிகிரின்னு எழுதியிருக்கறத வாங்குங்க, ஏப்ரல் வெயில்ல மூடி நிறுத்துன வண்டி டேஷ்போர்டு கொதிக்குமே, 85 டிகிரி சரக்கு ரொம்ப நாள் தாங்காது.

இப்ப கோடு விழுந்த எல்சிடி. எழுத்து மட்டும் காட்டுற சின்ன டிஸ்ப்ளேவுல கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவுல வயர் கிடையாது, ஜீப்ரா ஸ்ட்ரிப்னு ஒரு ரப்பர் பட்டை, அதுல கரண்ட் போற கோடும் போகாத கோடும் மாறி மாறி இருக்கும். அழுத்தத்துல மட்டுமே வேலை செய்யும், அதனால வருஷக்கணக்கா ஆட்டத்துலயும் சூட்டுலயும் பட்டை தளர்ந்து தூசி ஏறுனா கோடு கோடா போகும். உலோக ஃப்ரேமோட காதுகள மெதுவா நிமித்தி கண்ணாடிய எடுங்க, எந்தப் பக்கம் மேலன்னு பென்சில்ல குறிச்சுக்குங்க. பஞ்சு குச்சில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு, 90 பர்சென்டுக்கு மேல இருக்கறது, போர்டுல தங்க நிறத்துல இருக்கற காலுங்களையும் பட்டையோட ரெண்டு ஓரத்தையும் கண்ணாடி ஓரத்தையும் தொடைங்க. கண்ணாடி ஓரத்துல கண்ணுக்கே தெரியாத கான்டாக்ட் பூச்சு இருக்கு, அங்க அழிப்பானோ உப்புத்தாளோ போட்டா அதோட முடிஞ்சுது. விரல் படாம பட்டைய நேரா வச்சு ஃப்ரேம இறுக்கி காதுகள மடக்குங்க. பத்துல எட்டு கேசு இங்கயே முடிஞ்சிரும்னு சொல்ல எனக்கு ஆசைதான், ஆனா சில யூனிட்டுல ஜீப்ராவுக்குப் பதிலா ஒட்டுன ரிப்பன் (மெல்லிசா தட்டையான வயர்) இருக்கும், அது கதை வேற.

ஒட்டுன ரிப்பன சூட்டுல திரும்ப அமுக்கலாம். டெம்பரேச்சர் மாத்தக்கூடிய சோல்டரிங் அயர்ன் வேணும், தட்டையான முனை, ரிப்பனுக்கு மேல மெல்லிசா ஒரு சிலிக்கான் ஷீட் வச்சு 130 டிகிரி பக்கத்துல ஆரம்பிச்சு சில செகண்ட் அமுக்கி, சூடு ஆறுற வரைக்கும் விடாம பிடிச்சுக்குங்க, ஆறுறதுக்கு முன்னாடி விட்டா திரும்ப எழும்பிரும். 180ஐத் தாண்டாதீங்க, ரிப்பன் சுருங்கும். நேரா இரும்பு முனைய மட்டும் வைக்கவே கூடாது. கரண்ட் எப்ப போகும்னு தெரியாத ஊர்ல பாதி வேலைல நிக்கிறதுக்குப் பதிலா, பேட்டரில ஓடுற 12 வோல்ட் அயர்ன் ஒண்ணு வாங்கி வச்சுக்கலாம். முகப்பு மடங்கி இறங்குற மாடல்ல மடிப்புல ரிப்பன் வெடிச்சிருந்தா சூட்டுக்கெல்லாம் மசியாது, புதுசுதான் போடணும்.

திஞ்சான் தண்ணித் திருவிழாவுல கண்ணாடிய இறக்கிட்டு போய் டேஷ்போர்டு முழுக்க தண்ணி வாங்குன வண்டின்னா, ஆன் பண்ணிப் பாக்குறத முதல்ல நிறுத்துங்க. யூனிட்ட வெளிய எடுத்து மூடிய திறந்து, பச்சைப் பூ பூத்த மாதிரி தெரியுற இடத்த ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வச்சு தேய்ச்சு, ஃபேன் காத்துல ஒரு நாள் விடுங்க. அரிசி மூட்டைல புதைக்கிறதெல்லாம் வேலைக்காகாது, உள்ள படிஞ்ச உப்ப அரிசி எடுக்காது.

தொடுற இடம் ஒண்ணு, பட்டன் அமுங்குறது வேறன்னா டிஸ்ப்ளே போகல, மேல ஒட்டியிருக்கற டச் ஷீட்டு. முதல்ல மெனுல தொடுற இடத்த நேர் பண்ற கேலிப்ரேஷன் போட்டுப் பாருங்க. சரியாகலைன்னா ஷீட் மட்டும் தனியா கிடைக்கும், நீளம் அகலம் அளந்து, ரிப்பன் எந்தப் பக்கம் வெளிய வருதுன்னும் பாத்து வாங்குங்க.

பேனலே மாத்தணும்னா பழைய பேனலோட முதுகுல இருக்கற ஸ்டிக்கர் நம்பர எழுத்து பிசகாம கொண்டு போங்க, வெளி அளவு ஒண்ணா இருந்தாலும் உள்ள கனெக்டரோட பின் கணக்கு மாறும். பழைய யூனிட்டுல இருந்து கழட்டி எடுக்கறதா இருந்தா காசு குடுக்கறதுக்கு முன்னாடி 12 வோல்ட்டுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, வெறும் கறுப்பு ஸ்க்ரீன பாத்து யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

திரும்ப மாட்டுறப்ப எல்லா பிளக்கையும் சொருகிட்டு, போல்ட்டுக்கு முன்னாடியே பேட்டரிய குடுத்து ஓட்டிப் பாருங்க, லைட் போட்டா மங்குதா, ரிவர்ஸ் போட்டா கேமரா வருதா, எஃப்எம் எடுக்குதா. எஃப்எம்ல வெறும் இரைச்சலா இருந்தா ஆன்டெனாவுக்கும் எக்ஸ்பாண்டருக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு சொருகாம தொங்குது, கைய விட்டு தேடுங்க, அதுக்கப்புறம் போல்ட்ட முறுக்கி பேனல தட்டி மூடுங்க.