ரிட்டயர் ஆன பிறகு கப்பல் பயணமா? நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

“கப்பல்தானே, ஏறி உட்கார்ந்தால் அதுவே கொண்டுபோய் விடும்” என்று சொல்லித்தான் என் மனைவியைக் கிளப்பினேன். எனக்கு 66, அவளுக்கு 63, முழங்கால் வலி வேறு. ரோமுக்குப் பக்கத்தில் ஏறி சான்டொரினி, துருக்கியில் குஷாடாசி, மிக்கோனோஸ், நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு 7 இரவுக்கு அப்புறம் ஏறிய இடத்திலேயே இறங்குவது திட்டம். பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பட்ட கஷ்டம் எல்லாம் அந்தத் “தானே”யில் வந்ததுதான்.

முதலில் விசா. இத்தாலியும் கிரீஸும் ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் இருக்கின்றன, ஒரே விசா போதும். ஆனால் குஷாடாசி இருக்கும் துருக்கி ஷெங்கனில் கிடையாது. சான்டொரினியிலிருந்து அங்கே போய்விட்டு மறுபடி மிக்கோனோஸில் கால் வைத்தால் அது இரண்டாவது நுழைவு. ஆகவே மல்டிபிள் என்ட்ரி விசாதான் வேண்டும். எங்கள் ஏஜென்ட் விண்ணப்பத்தில் சிங்கிள் என்று போட்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது கண்ணாடியைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்ததால் தப்பித்தோம். சிங்கிள் விசாவோடு போயிருந்தால் துறைமுகத்திலேயே ஏற்றாமல் நிறுத்தியிருப்பார்கள், டிக்கெட் பணமும் திரும்பாது. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்விட்டு சிங்கப்பூருக்கே திரும்புகிறவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் ஆட்கள் விசா கிடைத்தால் போதும் என்று இருப்பதிலேயே மலிவானதை எடுத்துவிட்டு, சுகர், பிரஷர், ஸ்டென்ட் வைத்தது எதையும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். பிரீமியம் ஏறும் என்று பயம். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் இலவசம் இல்லை, பில் டாலரிலோ யூரோவிலோ வரும். மறைத்த வியாதியால்தான் படுத்தோம் என்று தெரிந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார், அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி விமான டிக்கெட் போடாதீர்கள். ரோம் என்று பெயர்தான், கப்பல் நிற்கும் சிவிட்டாவெக்கியா துறைமுகம் ரோம் நகரத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பலின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் முன்னாடியே போய் ஒரு இரவு நன்றாகத் தூங்குங்கள். ஓட்டல் செலவைப் பார்த்தால் நம் வயசுக்குக் கட்டாது.

இறங்கும் ஊர்களைப் பற்றியும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். சான்டொரினியில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும், படகில் கொண்டுபோய் விடுவார்கள். ஆடுகிற படகில் ஏறி இறங்குவதே ஒரு வேலை. அங்கிருந்து மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார், இல்லையென்றால் கழுதை, அதுவும் இல்லையென்றால் ஏறக்குறைய 600 படி. கேபிள் காருக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்து, “ஏங்க, பழனிக்கே போயிருக்கலாம், புண்ணியமாவது கிடைச்சிருக்கும்” என்றாள். நான் என்ன பதில் சொல்ல? எல்லா ஊரிலும் இறங்கியே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது, மிக்கோனோஸில் நாங்கள் இறங்கவே இல்லை, காலியான மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏழு நாளில் அதுதான் நல்ல நாள்.

தனியாகச் சுற்றப் போனால் கப்பலின் நேரத்தை வாட்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும், கப்பல் சில சமயம் மாற்றாது. கப்பல்காரர்களே அழைத்துப்போகும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், நீங்களாகப் பிடித்த டாக்சிக்குக் காத்திருக்க மாட்டார்கள். அதே செல்போனை நடுக்கடலில் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்து பில் எகிறிவிடும். டிப்ஸ் தினமும் தலைக்கு இவ்வளவு என்று பெரும்பாலான கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும், அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் கிளம்புவதாக இருந்தால் லைஃப் சர்டிபிகேட் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கடலில் சந்தோஷமாக உயிரோடு இருக்கிறோம் என்று பேங்குக்கு எப்படித் தெரியும்!

கடைசி இரவு வேடிக்கை தனி. பெட்டிகளை ராத்திரி 11 மணிக்குள் அறைக்கு வெளியே வைத்துவிட்டால் அவர்களே கரைக்கு இறக்கிவிடுவார்கள். நானும் பொறுப்பாக எல்லாவற்றையும் மடித்து அடுக்கி வெளியே வைத்துவிட்டு, கைலியோடு படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் அறையில் ஒரு பேன்ட் இல்லை. அவளுடைய சுகர் மாத்திரையும் பெட்டிக்குள் போய்விட்டது, மாத்திரை போடாமல் அவள் எப்படிச் சாப்பிடுவாள்? மாத்திரையும் மறுநாள் துணியும் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏறும் நாளிலும் அப்படித்தான், அன்றைக்கும் பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆகிவிடும். கதவில் தொங்கிய ஜெர்கினை மேலே போட்டுக்கொண்டு, கைலியோடுதான் இத்தாலியில் இறங்கினேன். முனையத்தில் ஆயிரக்கணக்கில் கருப்புப் பெட்டிகள். எங்களுடையது இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது, கைப்பிடியில் பச்சைப் பாவாடை நாடா கட்டியிருந்தது. கட்டினது அவள். அசிங்கமாக இருக்கிறது, அவிழ்த்துவிடு என்று ஏர்போர்ட்டில் சண்டை போட்டது நான்.